இருபதாவது பிரசவம்

துணை நர்ஸ் உத்தியோகத்தில் வேலை முதல் நாளே வந்துவிடும், லைசென்ஸ்தான் வராது. மேலதிகாரியின் ஒரு கையெழுத்துக்காக வராந்தாவில் கால் கடுக்க நின்ற சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் பயிற்சியில் இருந்தேன். டாக்டரம்மா முன்னால் என் கையாலேயே இருபது பிரசவம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அவர் கையெழுத்து வாங்க வேண்டும். அப்புறம்தான் பரீட்சை. பாஸானால் நர்ஸிங் கவுன்சிலில் பதிவு, ஒரு நம்பர், வேலை. நோட்டு நிரம்பாவிட்டால் ஆர்.கே.பேட்டைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அங்கே அப்பா ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தார். அவருக்கு நாற்பது வயது, நான் இரண்டாம் தாரம். பரீட்சைக்கு மனு அனுப்பப் பத்து நாள் இருக்கும்போது என் நோட்டில் பத்தொன்பதுதான் இருந்தது.

உண்மை பேசிய குற்றம்

கவரைப்பேட்டையில் நெல் வயல்காரர் வீடு. மருமகளுக்கு நாள் நெருங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரும்படி மாமியாரிடம் தேனாகப் பேசினேன். அந்த அம்மாள் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, “நீ பாஸ் பண்ணியாச்சா?” என்று கேட்டார். அசட்டுத்தனமாக, “உங்க மருமகளுக்குப் பார்த்துட்டா பரீட்சை எழுதிடுவேம்மா” என்றேன்.

மோர் டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் சொன்னார்: “மொதல்ல பாஸ் பண்ணிக்கினு வா கண்ணு, ரெண்டாவது கொயந்தைக்கு நீயே பாரு.”

ஓட்டப் பந்தயம்

பிறகு ஒரு குப்பத்தில் ஒருத்திக்கு வலி கண்டுவிட்டது என்று தகவல் வந்தது. டாக்டரம்மாவை ஜீப்பில் ஏற்றினால், பாதி வழியில் சக்கரம் மணலில் புதைந்தது. அவர் முகத்தைப் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது அந்த ஊர் மருத்துவச்சி எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

வெட்கத்தை விட்டு, “கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?” என்று கேட்டேன். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு அவள் கேட்டாள்: “இப்ப இன்னான்ற, மறுபடி உள்ள அனுப்பட்டா?”

பரீட்சை இல்லாதவர்

எங்கள் நிலையத்தின் அட்டெண்டரை ஊரே நைனா என்று கூப்பிடும். பெருக்கத்தான் சம்பளம். ஆனால் ஊசி போடுவார், கட்டுக் கட்டுவார், பட்டறையில் கை கிழித்துக்கொண்டு வருபவனுக்குத் தையலும் போடுவார். அதையெல்லாம் யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. எனக்கோ தெர்மாமீட்டரை உதறக்கூட மேற்பார்வை தேவைப்பட்டது.

வயிற்றெரிச்சலில் ஒருநாள், “பயமாவே இல்லையா நைனா?” என்றேன். பஞ்சைக் கிழித்துக்கொண்டே பதில் சொன்னார்: “எனுக்கு இன்னா பரீட்சையா வெச்சிக்கிறாங்க, பெயிலாவறதுக்கு?”

சாட்சி

கடைசி நாளுக்கு முதல் நாள், பழவேற்காட்டு மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மாட்டு வண்டியில் வந்து இறங்கினாள். நான்காவது பிரசவம். டாக்டரம்மா பரிசோதித்து, “இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகும்” என்று சொல்லிச் சாப்பிடப் போனார். குழந்தை இருபது நிமிஷத்தில் வந்தது. கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு, நீலம் பாய்ந்து, சத்தமே இல்லாமல் வந்தது. கொடியை விலக்கி, வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழ வைத்தேன். அது அழுததும் நானும் அழுதேன்.

டாக்டரம்மா வந்தார். குழந்தையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். “என் கண்ணெதிர நடக்கலையே, எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்றார். நாற்பது வயது மாப்பிள்ளை மாலையோடு எதிரில் நிற்பது போல இருந்தது. டாக்டரம்மா கடைசியில் கையெழுத்துப் போட்டார். போட வைத்தது கட்டிலில் படுத்திருந்தவள் சொன்ன வார்த்தை: “நீ துன்னுட்டு வர வரிக்கும் நான் அடக்கிக்கினு இருக்கணுமா டாக்டரம்மா? நீ பாக்கலன்னா இன்னா, நான் இங்கதானே இருந்தேன்? எங்க கைநாட்டு வெக்கணும், சொல்லு, வெக்கறேன்.”

வைத்தும் விட்டாள், ஆகவே என் லைசென்ஸ் செல்லாது என்று யாராவது கிளப்பினால், தயவுசெய்து என்னைக் கேட்காமல் நேரே பழவேற்காட்டுக்குப் போய் அவளிடமே கேட்டுக்கொள்ளட்டும்.