சிலிண்டருக்கு ஒரு பூஜை

புனேயில் கடல் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இருந்தும் இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும், கடலுக்கடியில் மூச்சுவிடும் சிலிண்டரை நிரப்பித் தர இந்த ஊரில் ஒரு கடை அகப்படுமா என்று அலைந்தேன்.

அலுவலக வேலையாக மலேசியாவில் இருந்த காலத்தில் என்னைப் பிடித்த கிறுக்கு இது. ஆழத்தில் முங்குவதற்குப் பயிற்சி எடுத்து, திரும்பும்போது ஒரு சின்ன சிலிண்டரையும் வாங்கி வந்தேன். தசரா முடிந்து கடல் தெளிந்ததும், கூடப் பயின்ற இரண்டு பேரோடு கோவாவில் படகேறுவதாகத் திட்டம். சாதாரணக் காற்று அங்கேயே கிடைக்கும். ஆனால் ஆழத்துக்குப் போனவன் ஒரே பாய்ச்சலில் மேலே வந்துவிட முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவழியில் நின்று நின்று ஏற வேண்டும். அப்போது சுவாசிக்க ஆக்ஸிஜன் அதிகமுள்ள சிலிண்டர் தனியாக வேண்டும். அந்தக் கலவையைத் தருவதற்குத்தான் ஆள் இல்லை.

நீச்சல் உடுப்பு விற்கும் கடைக்காரர் எனக்கு ஒரு ரப்பர் வாத்தைக் காட்டினார். கசார்வாடியில் காஸ் விற்கும் கடையில் ஆக்ஸிஜன் கேட்டதும், "வெல்டிங்கா, ஆஸ்பத்திரியா?" என்று இந்தியில் கேட்டார்கள்.

"மூச்சுவிட."

"பேஷண்ட் எங்கே?"

"நான்தான்."

கல்லாவில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். விளக்கம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களை மாதிரியே ஒரு பைத்தியம் சிஞ்ச்வட்டில் இருக்கிறது. எங்களிடம்தான் ஆக்ஸிஜன் வாங்குகிறான்" என்று வழி சொன்னார். அவ்வளவு நாள் தேடியதற்கு இப்படியா பதில் கிடைக்க வேண்டும் என்று சிரிப்பு வந்தது.

சிஞ்ச்வட்டில் ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அந்தக் கடை இருந்தது. நடத்தியவர் என் வயதுக்காரர், மராட்டியர், எதற்கும் சட்டென்று எரிந்து விழுகிறவர். எனக்கும் அதே குணம் என்பதால் உடனே ஒத்துப்போயிற்று. ரோட்டுப் புகை உள்ளே போகக் கூடாதென்று கம்ப்ரெஸரை மொட்டைமாடியில் வைத்திருந்தார். தசரா முடிந்து சிலிண்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் நான் முங்குவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. என் மனைவி கோயமுத்தூர்க்காரி. குளத்தில்கூடக் கால் நனைக்க மாட்டாள். நான் கிளம்பும்போது இட்லிக்கு மிளகாய்ப்பொடி தடவிக் கட்டித் தருவாள். "போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணுங்க" என்பாள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளுக்கு இதில் பிடித்தமும் இல்லை, அக்கறையும் இல்லை என்றே நினைத்திருந்தேன். அது எனக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

ஆயுத பூஜையன்று தையல் மெஷின், ஸ்கூட்டர் சாவி, அரிவாள்மணை, மிக்ஸி எல்லாவற்றோடும் என் சிலிண்டரும் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் நின்றது. பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. பரவாயில்லை, இதையும் வீட்டுச் சாமானில் சேர்த்துவிட்டாள் என்று நினைத்தேன்.

விஜயதசமி கழிந்து கடைக்குக் கொண்டுபோனேன். அங்கே கம்ப்ரெஸருக்கும் சாமந்தி மாலை தொங்கியது. கடைக்காரர் சிலிண்டரின் வாயில் வெள்ளைத் துணியைவிட்டுத் துடைத்தார். முகர்ந்தார். மறு பேச்சில்லாமல் சிலிண்டரைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார்.

"எண்ணெய்," என்று துணியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "யார் விட்டது?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் பூஜைக்கு முந்தின நாள் ஆயுதங்களைத் துடைத்து எண்ணெய் போடுவது வழக்கம். தையல் மெஷினுக்குப் போட்ட கையோடு இதற்கும் போட்டிருக்கிறாள். அழுத்தத்தில் பாயும் ஆக்ஸிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பற்றத் தீக்குச்சி வேண்டியதில்லை.

"பூஜை," என்றேன். அவர் மாலை போட்ட கம்ப்ரெஸர் இருந்த மாடிப்பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பூவோடு நிறுத்தக் கூடாதா? எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ ஒரு வாரமாகும்."

கோவாத் திட்டம் போயிற்று. சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் கோபம். வீடு இருக்கும் விமான் நகர் நெருங்க நெருங்க அது பயமாக மாறியது. துணிவிட்டுப் பார்க்காத கடையாக இருந்திருந்தால்? இதை அவளிடம் சொல்லவா, வேண்டாமா? சொன்னால், புருஷனையே கொல்லப் பார்த்தேனே என்று காலமெல்லாம் மருகுவாள். சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் எண்ணெய் விடுவாள்.

"சிலிண்டருக்கு எண்ணெய் விட்டியா?"

"ரெண்டு சொட்டுத்தானுங்க."

"எதுக்கு?" குரல் உயர்ந்துவிட்டது.

"அந்தத் திருகு இறுக்கமா இருந்துதுங்க. நீங்க இல்லாதப்ப திருப்பிப் பாத்தேன், என்னால முடியல." கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "தண்ணிக்குள்ள நீங்க தெறக்கறப்போ சிக்கிக்கிச்சுன்னா என்ன பண்ணுவீங்க? அதுதானுங்க."

ஒரு கேள்வியும் கேட்காதவள் எனக்குத் தெரியாமல் கடலுக்கு அடியில் வந்து என் பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவளிடம் எதையும் மறைக்க மனம் வரவில்லை. முழுவதையும் சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது. அழுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப சிக்காம இருக்க என்ன பண்ணோணும்?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் அவளையும் கடைக்கு அழைத்துப் போனேன். அவள் கேள்வியை நான் இந்தியில் சொன்னதும் கடைக்காரர் என் பக்கம் திரும்பினார். "திருகு இறுக்கம்தான். கழற்றும்போது பார்த்தேன். இதற்கென்றே எரியாத கிரீஸ் இருக்கிறது, போட்டிருக்கிறேன்." அவளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்.

அவள் உடனே தொடவில்லை. குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, துடைத்துக்கொண்டு வந்தாள். பிறகு திருகைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"இப்ப லேசா இருக்குதுங்க," என்றாள். பிறகு, கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, "எத்தனை ஆழம் போவீங்க?" என்று கேட்டாள்.