மொட்டை அப்பாவும் பெரோக் குரங்கும்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலில் மொட்டை போட்டுக்கொண்டேன். மீசையும் சேர்த்துத்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது நேர்ந்துகொண்டது. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு வேறென்ன தெரியும்?

வீட்டுக்கு வந்தேன். இப்போதுதான் நடக்கப் பழகும் மகள் என்னைப் பார்த்தாள்... வீல் என்று ஒரே அலறல்!

"சிரிச்ச முகமா இருங்க, பழகிடுவா," என்றாள் மனைவி.

சிரித்தேன். மறுநாளும் சிரித்தேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். கிட்டே போனால் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். இனி என்னிடம் வரவே மாட்டாளோ? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அடுத்த வீட்டுக் காதர் நானா வந்தார். ஜெலுத்தோங் பக்கத்துத் தோப்புகளில் தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக் இனக் குரங்கு வைத்திருப்பவர். அடர்ந்த மீசைக்காரர். என்றைக்குமில்லாமல் மகள் அவரிடம் இரண்டு கையையும் நீட்டி, "ப்பா!" என்றாள்.

என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

அவரோடு வந்த குரங்கோ நேரே என்னிடம் வந்து, எப்போதும் போல என் மடியில் கடலை தேடியது.

"பாத்தியா தம்பி? இவனுக்கு உன்ன அடையாளம் தெரியுதுலா! அவ்ளோ உசரத்துல முத்தின காய் எது, எளசு எதுன்னு பாக்குற கண்ணாச்சே!"

"பெத்த மகளுக்குத் தெரியலையே, நானா."

"புள்ள மீசையத் தேடுது. இவன் நடையப் பாப்பான்."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் யோசித்தேன். தண்ணீர்மலைச் சாலைக் குரங்குகளுக்கு ஆள் யாரென்று அக்கறையே இல்லை — வாழைப்பழம் எந்தக் கையில் என்றுதான் பார்க்கின்றன. பெரோக் நடையைப் பார்க்கிறது. மனிதக் குழந்தை பார்ப்பது...? வெறும் மீசையையா?

அதற்குள் நானாவின் கையிலிருந்து கயிறு நழுவியது. குரங்கு ஒரே தாவல் — மகள் கையிலிருந்த பிஸ்கட்டை நோக்கி!

"ஐயையோ!" என்று பாய்ந்து அவளைத் தூக்கினேன். பூசி வைத்திருந்த சிரிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. புருவம் நெரிந்து, வாய் கோணி...

மகள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றிச் சுருக்கத்தில் விரலை வைத்தாள். "ப்பா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிஸ்கட் குரங்கோடு போயிற்று. போகட்டும்!

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கவலப்படுற மூஞ்சியத்தான் அவளுக்குத் தெரியும். மூணு நாளா நீங்க சிரிச்சிட்டே இருந்தா, புள்ள யாரோன்னு நெனச்சிட்டா!"

இப்போதெல்லாம் தினமும் அவள் எதிரில் கொஞ்ச நேரம் சிரிக்கிறேன் — அந்த ஆளும் அவளுக்குப் பழக்கமாகட்டுமே.