ரானுயி வீட்டில் தொங்கும் வாள்

ஆக்லாந்தின் ரானுயியில் நான் தங்கியிருக்கும் யாழ்ப்பாணத்து வீட்டில், டிவிக்கு மேலே ஒரு வாள் தொங்குகிறது. வீட்டுக்காரர் சண்முகநாதனின் அப்பப்பா, வெள்ளைக்காரன் காலத்தில் முதலியார் பதவியில் இருந்தவர். வாள் வெள்ளைக்காரன் அவருக்குக் கொடுத்தது. ஊரில் இன்னும் ஷெல் விழுகிறது. தப்பி ஓடிவந்த குடும்பம் கல்யாணப் படங்களைக்கூட விட்டுவிட்டு இதைச் சுமந்து வந்திருக்கிறது.

"கிராமத்துக்கு விதானையார், அவருக்கு மேல உடையார், அதுக்கும் மேல மணியகாரர். முதலியார் எண்டால் எல்லாருக்கும் மேல, தம்பி" என்கிறார் சண்முகநாதன்.

"முதலியாருக்கு மேல?"

"ஏஜண்ட் துரை, மாகாணத்தையே ஆளுற வெள்ளைக்காரன். லண்டனிலயிருந்து வந்த சின்னப் பொடியன். அவர் வந்தால் அப்பப்பா எழும்பி நிண்டுதான் கதைப்பார்."

இதையும் பெருமையாகத்தான் சொல்கிறார். ஏணியை நம்மிடம் கொடுத்துவிட்டு, உச்சிப்படியைத் தன் வீட்டுப் பையனுக்கு வைத்துக்கொண்டது பேரரசு. நம்மவர்களோ அந்த ஏணியைக் கடல் கடந்தும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். போன வாரம் மகளைப் பெண் கேட்டு வந்த டாக்டரை இவர் வேண்டாமென்றிருக்கிறார். பையனின் பூட்டன் வெறும் விதானையாராம்!

"இந்த வாளை அவர் எப்பவாவது உருவியிருக்காரா, சார்?"

"சீ, துரைக்கு முன்னால உருவ ஏலுமோ?"

"துரை போன பிறகு?"

"பிறகு ஆருக்குக் காட்ட?"

வாளை இறக்கிப் பிடியைத் துணியால் துடைக்கிறார். மகள் கார்ச் சாவியை எடுக்கிறாள்.

"டாட், ஐ'ம் கோயிங் டு சீ ஹிம்."

யாரை என்று கேட்க வேண்டியதில்லை. அவர் வாளும் கையுமாக நிற்கிறார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போகிறாள்.