தீத்து உட்கார்ந்த முதல் பந்தி

மைசூரில் தசரா ஊர்வலம் புறப்படுவதற்கு முன்னால் ஒரு தண்ணீர் வண்டி போகும். யானையும் குதிரையும் பல்லக்கும் வரப்போகிற பாதையில் புழுதி எழும்பாதபடி தண்ணீர் தெளித்துக்கொண்டு போகும் மாட்டு வண்டி அது. ஜனங்கள் அப்போதுதான் இடம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வண்டியை யாரும் கவனிக்க மாட்டார்கள். தேவம்மா மட்டும் அது தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள்.

"ஏம்மா, யானையப் பாக்காமயா போறீங்க?" என்று பக்கத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள்.

"முதல்ல போனது என் தம்பி. இனிமே வர்றதெல்லாம் அவனுக்குப் பின்னாலதான வருது" என்பாள்.

அந்தத் தண்ணீர் வண்டியை ஓட்டிய தம்பியின் பெயர் தீத்து. அக்காளும் தம்பியும் பிறந்தது கொள்ளேகாலில். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு, எட்டு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தேவம்மா மைசூருக்கு வந்து, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்தாள். அவளுடைய படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனால் எந்த வேலையிலும் பிசகு வைக்க மாட்டாள். கொடியில் காயும் துணிகூட ஓரத்தோடு ஓரம் பொருந்தித் தொங்க வேண்டும். அப்படிப்பட்டவள் வளர்த்த பிள்ளைக்கு ஒரே ஒரு பாடம் மட்டும் ஏறவே இல்லை.

பிறர் வீட்டில் காபி கொடுத்தால் இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் தரம் கேட்டால்தான் வாங்க வேண்டும் என்பது அந்தப் பாடம். தீத்து முதல் தரமே கையை நீட்டிவிடுவான்.

"வேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிரும்?" என்று தேவம்மா வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொள்வாள்.

"அவுங்க மறுபடி கேக்காம உள்ள போயிட்டா என்னக்கா பண்றது? எனக்குக் காபி போச்சு. ஆசையாக் கொண்டாந்தவங்களுக்கும் மொகம் வாடிப் போயிரும்."

அதே தீத்துதான் வேலைக்குப் போகுமுன் சந்தில் நடமாட முடியாத கிழவிகளின் குடங்களை எல்லாம் நிரப்பிவைப்பான். அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் யாராவது காய்ச்சலில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்கு முதுகில் தூக்கிக்கொண்டு போவான். "நல்லாயிருப்பா" என்று அவர்கள் கண் கலங்கினால், "அதிருக்கட்டும், அடுப்புல என்ன வாசன?" என்று கேட்பான். நன்றி சொல்ல வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். தான் ஏதோ செய்ததாக அவனுக்கு நினைவே இருக்காது. தேவம்மாவுக்கு மட்டும் ஒவ்வொன்றும் நினைவிருக்கும். கேட்பவர் கிடைத்தால் விவரமாகச் சொல்லவும் செய்வாள்.

கண்ணம்பாடி அணைக்கட்டு வேலை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அவர்கள் போய்வந்த சிறிய தமிழ்ச் சபையில், போதகருக்குத் துணையாகச் சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் ஒருவர் வயதாகி விலகினார். புது மூப்பரின் பெயரைக் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, விருந்து முடிந்த பிறகு அறிவிப்பதாகப் போதகர் சொன்னார். சபையில் இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒன்று ரயில்வே குமாஸ்தா எசேக்கியேல். மற்றொன்று தீத்து.

தண்ணீர் வண்டிக்காரன் பெயர் குமாஸ்தா பெயரோடு சேர்ந்து அடிபட்டதே தேவம்மாவுக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வெள்ளை டிரில் துணி வாங்கித் தன் கையாலேயே தம்பிக்கு ஒரு கோட்டு தைத்தாள். பித்தானை மூன்று தரம் பிரித்துத் தைத்தாள். மூப்பராகி ஞாயிற்றுக்கிழமைதோறும் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு அவன் வரிசையாக வரும்போது போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டு அது.

பண்டிகையன்று காலையில் கோட்டை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கி ஒரு நாள் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கோ. மூப்பருங்க எல்லாரும் உன்னையத்தான் பாத்துட்டிருப்பாங்க. சோத்தப் பாத்ததும் ஓடாத. கடைசிப் பந்தியில உக்காரு."

"கடைசிப் பந்திக்குக் கறி இருக்குமாக்கா?"

"தீத்து."

"சரி, சரி. கடைசிப் பந்தி."

அன்றைக்கென்று போதகர் எடுத்துக்கொண்ட பிரசங்கமும் அதையே பற்றியது. விருந்துக்கு அழைக்கப்பட்டால் முந்திப் போய் முதல் இடத்தைப் பிடிக்காதே, கடைசி இடத்தில் போய் உட்கார், அழைத்தவர் பார்த்து உன்னை மேலே வரச் சொல்லட்டும் என்று ஆண்டவர் சொன்னதை அவர் ஒரு மணி நேரம் விரித்துச் சொன்னார். தாழ்மை இல்லாத கிறிஸ்தவன் உப்பில்லாத கஞ்சி என்றார். சபை அசையாமல் கேட்டது. தேவம்மா இரண்டு தரம் திரும்பி, ஆண்கள் பக்கம் இருந்த தம்பியைப் பார்த்தாள். அவனும் தலையை ஆட்டினான்.

ஆராதனை முடிந்தது. கோயில் வளாகத்தில் பந்தல். இலை போடும் பொறுப்பு தேவம்மாவினுடையது. ஒவ்வோர் இலையையும் துடைத்து, நுனி இடப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டாள். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை தெருவரைக்கும் போயிற்று.

"முதல் பந்திக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள். யாரும் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டார்கள். "நீங்க உக்காருங்கண்ணே." "ஐயோ நானா? நான் கடைசியிலதான். நீங்க உக்காருங்க." "சும்மா இருங்க, வயசுல பெரியவங்க நீங்க." "பெரியவங்கதான் காத்திருக்கணும்." போன வருஷம் முதல் இலைக்காக முழங்கையால் இடித்துக்கொண்டவர்கள் எல்லாருக்கும் இன்று ஒரு வேலை வந்துவிட்டது. இரண்டு பேர் ஆடாமல் நின்ற பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரச வாளி ஒன்றை நான்கு பேர் தூக்கினார்கள். எசேக்கியேல் ஆளில்லாத இலைகளுக்கெல்லாம் உப்பு வைத்துக்கொண்டே போனார். போதகரும் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். பரிமாற ஒரு கூட்டம் நின்றது. சாப்பிட ஒருவரும் இல்லை. வெயிலில் இலைகள் ஓரம் சுருண்டன. சோற்றிலிருந்து எழும்பிய ஆவி குறைந்துகொண்டே வந்தது.

மதில் ஓரமாகச் சில பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். முந்தின நாளே மாட்டு வண்டியில் கிளம்பி, கொள்ளேகாலில் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவர்களுடைய ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியிலும் அவர்களை யாரும் உட்கார வைத்ததில்லை. அவர்களில் மூத்தவள் சாமியாத்தாள். கை கழுவிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைக்காமல் பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் மகன் தொட்டையனிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நாம இங்க நிக்கறங்காட்டித்தான் அவுங்க உக்கார மாட்டேங்கறாங்க போல இருக்குது. நம்ம கூடப் பந்தியில உக்கார அவுங்களுக்கு மனசில்ல. கொழந்தைகளக் கூட்டிக்க. வெளிய போயி நின்னுக்கலாம்."

இலைக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த தேவம்மாவின் காதில் அது விழுந்தது. தண்ணீர்க் குடம் சுமந்துகொண்டு பின்னாலேயே வந்த தீத்துவின் காதிலும் விழுந்தது. அவன் குடத்தை இறக்கி வைத்தான். தேவம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். அவனுடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தீத்து. மூப்பருங்க பாக்கறாங்க."

"பாக்கட்டுங்கா. நீ இலையப் போடு."

நேராகப் பந்தலுக்குள் போனான். எல்லாரும் பார்த்திருக்க, முதல் வரிசையின் முதல் இலையில் சம்மணம் கட்டி உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் மதில் பக்கம் திரும்பி, பந்தல் முழுவதும் கேட்கும்படி கூப்பிட்டான்.

"ஆத்தா, இங்க ஸ்வல்ப வாங்க. எனக்குப் பசி காதடைக்குது. ஒத்தையா உக்காந்து தின்னா இந்த மைசூருக்காரங்க சிரிப்பாங்க. தொணைக்குப் பக்கத்துல உக்காந்து ஒத்தாச பண்ணுங்க. தொட்டையண்ணா, நீங்களும் வாங்க. கொழந்தைகள இந்தப் பக்கம் உடுங்க."

சாமியாத்தாள் தயங்கினாள். "எங்களையவா சாமி?"

"உங்களையத்தான். சீக்கிரம் வாங்காத்தா, மானம் போவுது."

பசியில் இருக்கும் ஒருவனுக்கு உதவி செய்ய வேண்டியிருப்பதால், அவள் வந்துவிட்டாள். பேரப்பிள்ளைகள் அவளுக்கு முன்னால் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். தேவம்மா நின்றது ஒரு விநாடிதான். பிறகு விறுவிறு என்று போய், சுருண்டுபோன இலைகளை எடுத்துவிட்டு, புது இலைகளைத் துடைத்துப் போட்டாள்.

உப்புத் தட்டோடு வந்த எசேக்கியேல் குனிந்து, "என்ன தீத்து, ஐயா பண்ணின பிரசங்கம் உன் காதுல விழல போல இருக்கே" என்றார்.

"நல்லா விழுந்துதுங்கண்ணா. ஆனா கடைசி இடமெல்லாம் நீங்க எல்லாரும் பிடிச்சிட்டீங்க. முதல் இடம் ஒண்ணுதான் காலியா இருந்துது. கொஞ்சம் உப்பு வைங்க."

யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். நான்கு பேர் தூக்கிய ரச வாளி கீழே இறங்கியது. போதகர் கையிலிருந்த செம்பைப் பார்த்தார், சாமியாத்தாளைப் பார்த்தார். முகம் சிவந்தது. பிறகு அவரும் சிரித்துவிட்டார். செம்பை ஓர் ஓரமாக வைத்துவிட்டு, தீத்துவுக்கு எதிர் இலையில் தொட்டையனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தலை குனிந்து ஜெபம் செய்தார். அன்றைக்கு அவர் செய்தது மிகவும் சிறிய ஜெபம்.

அதன் பிறகு பந்தி நிரம்பியது. தீத்து மூன்று தரம் சோறு வாங்கினான். அவனைப் பார்த்துத் தொட்டையனும் கூச்சமில்லாமல் வாங்கினார். பக்கத்தில் உட்கார்ந்த சின்னப் பெண் பிள்ளை, எழுந்திருக்கும்போது பிடிமானத்துக்கு அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளைக் கோட்டில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தது. தேவம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் போதகர் அறிவித்த பெயர் எசேக்கியேல். தீத்து நல்ல பிள்ளைதான், ஆனால் பந்தியில் முந்துகிறவனை எப்படி மூப்பராக வைப்பது என்று பெரியவர்கள் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். எசேக்கியேலும் பொறுப்பானவர்தான், கணக்குப் பிசகாதவர். முதலில் கை தட்டியது தீத்து. நிறுத்தாமல் தட்டினான். போதகர் கையமர்த்த வேண்டியதாயிற்று.

தேவம்மா தட்டவில்லை. அண்டாவுக்குப் பின்னால் போய், கழுவின கரண்டிகளை மறுபடி கழுவினாள். தீத்து தேடிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நான் தப்பிச்சேன். மூப்பர்னா எல்லாரும் சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் உக்காரணுமாம். எசேக்கியேலண்ணாவுக்குக் கறியே கிடைக்கலியாம். வெறும் குழம்பாம், பாவம்."

அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. "கோட்டக் கழட்டு. கறை காயறதுக்குள்ள ஊற வைக்கணும்" என்றாள்.

மறுநாள் காலையில் ஹனூர்க்காரர்களை வழியனுப்ப இரண்டு பேரும் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். தீத்து மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தான். சாமியாத்தாள் தேவம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, முதல்ல உக்காந்து எங்களக் கூப்பிட்டாரே, அவரோட அக்காளுங்களா நீங்க?"

மூப்பரின் அக்காள் என்று நான்கு பேர் சொல்லக் கேட்க வேண்டும் என்பதுதான் தேவம்மாவின் ஆசை. அதற்காகத்தான் அந்தப் பித்தான்களை மூன்று தரம் தைத்தாள். இப்போது பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, "ஆமாங்க. நான்தான் அவன் அக்கா" என்றாள்.

எத்தனை தரம் வெளுத்தும் கோட்டின் தோளில் ஐந்து விரல் போகவே இல்லை. தீத்து அதையே போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தான். "என்ன இது கறை?" என்று யாராவது கேட்டால் அவனுக்குப் பதில் சொல்ல இடமில்லை. தேவம்மா முந்திக்கொண்டு முதலிலிருந்து சொல்லுவாள்.

அடுத்த வருஷப் பண்டிகை. பந்தல், இலை, கறிக் குழம்பு எல்லாம் தயார். புது மூப்பர் எசேக்கியேல் பந்தல் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். "தீத்து எங்கப்பா? அவன் உக்காந்தாத்தான் பந்தி ஆரம்பிக்கும்." அந்த வருஷம் புதிதாகச் சபையில் சேர்ந்த குடும்பமொன்றைக் கூட்டிக்கொண்டு தீத்து வந்தான். தேவம்மா முதல் இலையை இரண்டு தரம் துடைத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உக்காரு தீத்து" என்றார் எசேக்கியேல்.

தீத்து அக்காளைப் பார்த்தான். கையை மார்பில் வைத்துக்கொண்டு, "வேண்டாம். வேண்டாம்" என்று மளமளவென்று இரண்டு தரம் சொன்னான். மூன்றாம் தரம் யாரும் கேட்பதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான்.