மூன்று காலும் இருந்த கட்டுரை

லொரெய்ன் ஊன்ரூ தன் இருபத்தாறு வருட இங்கிலீஷ் டீச்சர் வேலையில் யார் கட்டுரைக்கும் இரக்கப்பட்டு மார்க் போட்டதில்லை. கான்சாஸ் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அந்தப் பள்ளியில் இது ஊரறிந்த சங்கதி. ஒருவரை இணங்க வைக்க மூன்று விஷயம் வேண்டும் என்று பழைய கிரேக்கர்கள் சொன்னதை, அவள் பால் கறக்க உட்காரும் முக்காலியின் மூன்று கால்களாக்கி வைத்திருந்தாள். சொல்கிறவரை நம்ப முடிய வேண்டும், கேட்கிறவர் மனம் இளக வேண்டும், சொல்லும் காரணம் நிற்க வேண்டும். கட்டுரையில் எது குறைகிறதோ அந்தக் கால் இல்லாத முக்காலியைச் சிவப்பு மையில் ஓரத்தில் வரைந்து கொடுப்பாள். ஊரில் பாதி வீடுகளில் அந்த நொண்டி முக்காலிகள் கிடக்கின்றன. கல்விக் குழுத் தலைவர் மார்வின் ஷ்ராக்கும் ஒரு காலத்தில் அவளிடம் 'சி' வாங்கியவர்தான்.

அந்தக் குளிர்காலத்தில், பள்ளியை மூடிப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாமா என்று கல்விக் குழு யோசித்தது. மளிகைக் கடை ஏற்கெனவே போய்விட்டது, பள்ளியும் போனால் ஊரே போய்விடும். லொரெய்னுக்கோ அந்த வகுப்பறையை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. கட்டுரை திருத்துகிற மும்முரத்தில் கல்யாணத்தையே மறந்துவிட்டாள் என்று ஊரார் கேலி செய்வார்கள். "பள்ளியை மூடலாமா?" என்பதையே தன் வகுப்பின் பதினோரு பேருக்கும் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்தாள். அத்தனையையும் திருத்திக் கல்விக் குழுவுக்கு அனுப்புவதாகப் பிள்ளைகளிடம் வாக்கும் கொடுத்துவிட்டாள்.

பத்துப் பேர் மூடவே கூடாது என்று உருகி உருகி எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கூடைப்பந்து, மதியச் சாப்பாட்டில் பீன்ஸ் குழம்பும் பட்டை மணக்கிற இனிப்பு ரொட்டியும், தாத்தா பேர் பொறித்த கோப்பை. பத்துக்கும் நொண்டி முக்காலிதான். ஜனெல் கோன் ஒருத்தி மட்டும் மூட வேண்டும் என்று எழுதியிருந்தாள். வேதியியல் டீச்சர் போய் மூன்று வருடமாகிறது, கால்நடை மருத்துவராக ஆசைப்படுகிற நான் சோதனைக் குழாயைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்றிருந்தது. முதல் வகுப்பில் இருப்பதே மூன்று குழந்தைகள். அவர்கள் பேரையும் எழுதி, இவர்களுக்கும் இதே கதிதானா என்று கேட்டிருந்தாள். லொரெய்ன் மூன்று தரம் படித்தாள். மறுக்க ஒரு வரி கிடைக்கவில்லை. மூன்று காலும் உள்ள முக்காலியை வரைந்து 'ஏ' போட்டு, கீழே எழுதினாள்: "இதற்கு என்னிடம் பதில் இல்லை."

கூடைப்பந்துப் பயிற்சியாளர் டுவேன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அம்மா தாயே, இந்த ஒண்ண மட்டும் உருவிடு. யாரு எண்ணிப் பாக்கப் போறா?"

"புள்ளைங்க எண்ணும், டுவேன்."

"உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கற."

"உருவிட்டேன்னா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நம்பிக்கையப் பத்திப் பாடம் எடுப்பேன்?"

பதினொன்றையும் அனுப்பினாள்.

பிப்ரவரியில் கூட்டம் நடந்தபோது விளையாட்டுக் கூடம் நிறைந்து வழிந்தது. மார்வின் ஜனெலின் கட்டுரையை முழுதாக வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ், கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா, மார்வின்."

"நானும் பதில் தேடிப் பாத்தேன், கெடைக்கல. உங்களுக்கு இப்பவாவது தோணியிருந்தா சொல்லுங்க மிஸ். எதுவா இருந்தாலும் சரி. உங்க பேச்ச நம்பாதவன் இந்த ஊர்ல எவனும் இல்ல."

கிட்டத்தட்டக் கெஞ்சினார். லொரெய்ன் எழுந்து நின்றாள். ஒரு பொய் போதும், அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஐந்துக்கு இரண்டு வாக்கில் பள்ளியை மூட முடிவானது. வெளியே கார்கள் நின்ற இடத்தில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜனெல் மட்டும் அழுதுகொண்டே ஓடி வந்தாள்.

"எனக்கு ஒரு சி போட்டிருக்கக் கூடாதா மிஸ்? ரெண்டு நாள் கோவிச்சுக்கிட்டு இருந்திருப்பேன், அவ்வளவுதானே!"

"சி போடற மாதிரி நீ எழுதலையே, கண்ணு."

ஆகஸ்டில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஜனெலை எடுத்துக்கொண்டது. லொரெய்னுக்கு அங்கே இடமில்லை, இங்கிலீஷ் டீச்சர் ஏற்கெனவே இருந்தார். காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்து அவள் வீட்டைத் தாண்டிப் போகும். ஜனெல் கை காட்டுவாள், லொரெய்னும் காபியோடு ஜன்னலில் நின்று கை காட்டுவாள். பேருந்து போன பிறகு அன்றைக்குச் செய்ய அவளுக்கு ஒன்றும் இருக்காது.