நான்கு மணி நேரப் புதிர்

போன ஞாயிறு காலை ஒரு குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்தேன். இன்று வியாழன். இன்னும் ஒன்பது கட்டங்கள் காலி. தோற்றுக்கொண்டிருப்பதில் இவ்வளவு பெருமைப்படுகிற ஆள் அல்சூரில் வேறு யாராவது உண்டா... தெரியவில்லை.

விஷயம் இதுதான். வாட்ஸப்பில் எங்களுக்கு ஒரு புதிர்க் குழு இருக்கிறது. பன்னிரண்டு பேர். கோவையில் ரிடையரான பேங்க் மேனேஜர், டொராண்டோவில் ஒரு பல் டாக்டர் — இப்படி மூலைக்கு ஒருவர். பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை. தினம் ஒருவர் முறைவைத்துப் புதிர் தயாரிப்போம். முடித்தவர்கள் எத்தனை நிமிடம் ஆனது என்று மட்டும் சொல்லலாம். விடையைச் சொல்லக்கூடாது — கடைசி ஆள் முடிக்கும்வரை, அல்லது 'சரண்டர்' என்று ஒப்புக்கொள்ளும்வரை. இந்த ரூலை மீறிய ஒருவரை ஒரு வாரம் தள்ளிவைத்தோம். (நான்தான்.)

குழுவின் புலி விமலா. எங்கள் அல்சூருக்குப் பக்கத்து மர்பி டவுன்காரர். அடுகோடியில் ஒரு பட்டறையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். பஸ்ஸில் நின்றுகொண்டே பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "அவ்ளோதானா?" என்று மெசேஜ் போடுவார். எரிச்சலாக வரும்.

அந்த விமலாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? விமலாவுக்குத் தெரியாமல் பதினோரு பேரும் தனியாக இன்னொரு குழு ஆரம்பித்தோம். "பாவம், அவங்க மண்டைய உடைச்சுக்கற மாதிரி எதுவும் வேண்டாங்க" என்றார் பேங்க் மேனேஜர். புதிர்களை எளிதாக்கினோம். 'இரவில் வானத்தில் தெரிவது, இரண்டு எழுத்து.' நிலா. எல்.கே.ஜி. குழந்தை போட்டுவிடும். அதற்கும் நாங்கள் அரை மணி, முக்கால் மணி என்று வேண்டுமென்றே கூட்டிச் சொன்னோம். விமலா முதலில் வரவேண்டுமே...

இரண்டாவது கீமோ அன்று எனக்கு விமலாவின் போன் வந்தது. அதே ஊரில் இருப்பவன் நான் மட்டும்தானே, மாட்டிக்கொண்டேன்.

"ஏண்ணா, நிலா போட உங்களுக்கு முக்கா மணி நேரமா?"

"இல்லம்மா... கொஞ்சம் வேலை ஜாஸ்தி..."

"சும்மா இருங்கண்ணா. பதினோரு பேருக்கும் ஒரே நாள்ல மூளை மழுங்கிப் போச்சா? மருந்து எனக்கு ஏத்துறாங்களா, உங்களுக்கா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"டிரிப் இறங்க நாலு மணி நேரம் ஆவுதுண்ணா. நீங்க போடறது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடுது. மிச்ச நேரம் நான் என்னாத்த பாக்கறது? பாட்டிலையா? பேஜாரா இருக்கு. புள்ளைங்க நெனப்பு வருது, என்னென்னமோ வருது..." குரல் உடைந்தது. "எனக்கு நாலு மணி நேரத்துக்குப் புதிர் வேணும்ண்ணா."

வெட்கமாகிவிட்டது. உதவி செய்கிறோம் பேர்வழி என்று கிளம்புகிறவர்கள் முதலில் செய்வதே, எதிரில் இருப்பவரை நோயாளியாக மட்டும் பார்ப்பதுதான். இல்லையா?

அன்றே ரகசியக் குழுவைக் கலைத்தோம். மன்னிப்புக் கேட்டோம். அடுத்த கீமோவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒருவர் முறைவைத்து ஒரு நான்கு மணி நேரப் புதிர். பல் டாக்டர் தயாரித்ததைப் போட்டு எனக்கே பல் வலித்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் விமலா, பக்கத்து ஸ்டூலில் நான், இருவர் கையிலும் பென்சில். "ஏனம்மா, பரீக்ஷேனா?" — என்னம்மா, பரீட்சையா — என்று கன்னட நர்ஸ் சிரிப்பார்.

எல்லா நாளும் சிரிப்பாகப் போகவில்லை. ஒருமுறை வாந்தியும் காய்ச்சலுமாக ஆறு நாள் விமலாவின் சத்தமே இல்லை. ரூல் ரூல்தானே? முடித்துவைத்திருந்த பதினோரு பேரும் விடையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருந்தோம். யாரும் புதுப் புதிர் போடவில்லை. ஏழாம் நாள் காலை ஒரு வரி வந்தது: "முடிச்சிட்டேன். ஆறு நாள், நாப்பது நிமிஷம்."

நான் அழுதுவிட்டேன். பேங்க் மேனேஜரும் அழுததாகப் பிறகு ஒப்புக்கொண்டார்.

போன வாரம் கடைசி கீமோ. அந்த நாற்காலியில் உட்கார்ந்தே விமலா ஒரு புதிர் தயாரித்தார். ஞாயிறு காலை குழுவில் போட்டார். அதுதான் நான் ஐந்து நாளாக மல்லாடிக்கொண்டிருப்பது. பதினோரு பேரில் ஒருவர்கூட முடிக்கவில்லை. ஒருவர்கூட சரண்டர் ஆகவும் இல்லை. எங்கள் விமலா ஐயா, எங்கள் விமலா!

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் இருக்கிறது. நோய் முழுசாகப் போய்விட்டதா என்று அப்போதுதான் தெரியும்.

நேற்று பொறுக்கமுடியாமல் போன் செய்தேன். "ஒரே ஒரு எழுத்து சொல்லும்மா."

"ரூல்னா ரூல்தாண்ணா. மெதுவா போடுங்க... நான் எங்கயும் போகல."