வெட்டாமல் விட்ட மௌனம்

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அவருக்குக் கத்தரி என்று பெயர் விழுந்தது. ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள், பெயர் மட்டும் அவர் கூடவே வந்துவிட்டது. இப்போது அவர் வெட்டுவது குரல்களை. மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், காதை முழுக்க மூடும் ஹெட்போன், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கவிட்ட பழைய போர்வைகள். யாரோ எங்கோ பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். அதிலிருக்கும் இருமல், திக்கல், 'வந்து... வந்து...', நாற்காலிக் கிறீச் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பேச்சை வழவழப்பாக்கித் திருப்பி அனுப்பவேண்டும்.

கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அக்காவிடம் "தம்பி என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால், "ஊரான் இருமலை வெட்டிப் பொழைக்கிறான்" என்பாள். சாப்பாடு அவள் வீட்டில்தான். மனைவி பிரிந்துபோய்ச் சில வருடங்களாகிவிட்டன. சண்டையெல்லாம் இல்லை. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "நான் இங்க இருக்கிறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவருக்கு வாராவாரம் வந்த வேலைகளில் ஒன்று, கல்லூரி விரிவுரையாளர் ஒருவர் நடத்திய பாட்காஸ்ட். ஒவ்வொரு வாரமும் ஒரு சிந்தனையாளரைப் பற்றி யாரையாவது அழைத்துவைத்துப் பேசுவார். கத்தரி அதையெல்லாம் கேட்டார் என்று சொல்ல முடியாது. திரையில் ஓடும் ஒலி அலைகளைப் பார்ப்பார். மேடு தெரிந்தால் தட்டுவார், பள்ளம் தெரிந்தால் ஒட்டுவார். என்ன பேசினார்கள் என்று கேட்டால் விழிப்பார்.

ஒரு வாரம், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தத்துவ ஆசிரியை ஒருவர் பேச வந்தார். 'கேட்பது' பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதியிருந்தாராம். அவர் பேச்சில் இருமல் நிறைய. அதைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வாக்கியம் குறுக்கே வந்தது.

"எதிராளி பேசும்போது நாம கேக்குறதில்ல சார். நம்ம முறை எப்ப வரும்னு க்யூவில நிக்கிறோம். சில பேரு அதுகூட இல்ல. பேச்சு எப்ப முடியும்னு நிக்கிறாங்க."

கத்தரி அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சாப்பாட்டு மேசையில் மனைவி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்ததும், தான் தலையாட்டிக்கொண்டே தட்டைக் காலிசெய்ததும் நினைவுக்கு வந்தன. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலையே அவளுக்குப் போன் செய்தார்.

"என்ன, திடீர்னு? அக்கா நல்லாருக்காங்கள்ல?"

"எல்லாரும் நல்லாருக்காங்க. ஒண்ணு சொல்லணும்னு தோணுச்சு. நீ பேசுனப்ப நான் கேட்டதே இல்ல. இன்னிக்கு ஒருத்தங்க பேச்சைக் கேட்டேன், அவங்க என்ன சொல்றாங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், ஆசிரியை சொன்னது முழுவதையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்.

அவள் பொறுமையாக இருந்தாள். கடைசியில், "சரி. ஆனா பாரு, இப்பவும் நீதான் பேசிட்டிருக்க" என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். அதனாலேயே அது போய்த் தைத்தது.

அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் அந்தச் சின்னப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். அதன் கடைசிப் பக்கங்களில் வேறு பெயர்கள் இருந்தன. அவற்றைத் தேடிப் போனார். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போனதில், பள்ளிக்கூடத்தோடு படிப்புக்குக் கும்பிடு போட்ட மனிதர் எங்கெங்கோ வாழ்ந்து மறைந்தவர்களோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தார். நினைவு என்பது பெட்டிக்குள் பூட்டிவைத்த பொருளல்ல, எடுக்கும்போதெல்லாம் புதிதாகச் செய்துகொள்வது என்றார் ஒருவர். சும்மா இருப்பதும் மனிதனின் உரிமை என்று வாதாடினார் இன்னொருவர்.

இதை அக்காவிடம் சொன்னபோது, "அதுக்குப் புத்தகம் வேற வேணுமா உனக்கு? பேசாம சாப்பிடு, ஆறிடப் போகுது" என்றாள்.

முடிவெட்டும் கடையில் சொல்லிப் பார்த்தார். கடைக்காரர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்னாடி கொஞ்சம் குறைக்கவா?" என்றார். புது எண்ணம் ஒன்று கிடைத்த மகிழ்ச்சி, அதை எடுத்துக்கொண்டு போக ஒரு வாசல்கூட இல்லை என்று தெரியும்போது துக்கமாகிவிடுகிறது. முன்பெல்லாம் தனியாக இருந்தபோது, தனியாக இருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது. வேலை செய்யும்போது ஹெட்போனில் பேசுகிறவர்களுக்கே வாய்விட்டுப் பதில் சொல்லத் தொடங்கினார். ஒருமுறை அக்கா படியேறி வந்து கதவைத் தள்ளி, "யாருடா உள்ள?" என்று கட்டிலுக்குக் கீழேகூடப் பார்த்துவிட்டுப் போனாள்.

சில மாதங்கள் கழித்து அந்த ஆசிரியை மறுபடியும் நிகழ்ச்சிக்கு வந்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முடிவில் விரிவுரையாளர் கேட்டார்: "இவ்வளவு படிச்சு, இவ்வளவு யோசிச்ச பிறகும் உங்களுக்குத் தனிமையா இருக்கா?"

பதில் வரவில்லை. திரையில் அலை படுத்துவிட்டது. மூச்சு விடுவது கேட்டது. தூரத்தில் ஒரு வண்டி போனது. யாரோ கதவைச் சாத்தினார்கள். வெகுநேரம் கழித்து, "ஆமா" என்றார் ஆசிரியை.

கத்தரி அதைத் தொடவில்லை. பதிவு திரும்பிப் போனதும் விரிவுரையாளர் கூப்பிட்டார்.

"அண்ணே, கடைசில ஒரு பெரிய ஓட்டை இருக்கே, பாக்கலையா? கேக்குறவன் போன் செத்துப்போச்சுன்னு நினைப்பான்."

"பாத்தேன் சார். அதை எடுத்தா, கேட்ட உடனே ஆமான்னு சொன்ன மாதிரி ஆயிடும். அவங்க அப்படிச் சொல்லல."

"நீங்க எடிட்டரா, நான் எடிட்டரா?"

"நான்தான் சார்" என்றார் கத்தரி. நக்கலாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார். ஆனால் அதோடு அந்த வேலை போயிற்று. மௌனத்தை வேறு யாரோ வெட்டினார்கள். கேட்ட உடனே 'ஆமா' என்று சொல்லும் ஆசிரியையைத்தான் உலகம் கேட்டது.

கத்தரிக்கு மனசு ஆறவில்லை. நூலகத்தில் விசாரித்து, ஆசிரியையின் வீட்டைத் தேடிப் போய்விட்டார். கதவைத் திறந்தவர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டே, வந்தவர் சொன்னதையெல்லாம் நின்றபடி கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, உட்காரவேண்டியதாயிற்று.

"அடப்பாவமே! அதுக்காகவா வேலையை விட்டீங்க? அன்னிக்கு இங்க வீட்டுல வச்சுத்தான் பதிவு பண்ணாங்க. மொட்டை மாடியில தொட்டிக்கு மோட்டார் போட்டிருந்தேன். ஆஃப் பண்ணலையேன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு. தண்ணி வழியுதோ, எந்திரிச்சுப் போகலாமா, போனா மரியாதையா இருக்காதேன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

கத்தரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன் செருப்பைப் பார்த்தார்.

"ஆனா ஆமான்னு சொன்னது நிஜம்" என்றார் ஆசிரியை. "உள்ள வாங்க. என்ன படிச்சீங்க, சொல்லுங்க."

அன்று கத்தரி பேசினார். ஆசிரியை பாதியிலேயே மறித்து, "இல்ல, அந்த ஆளு சொன்னது தப்பு" என்றார். கத்தரி விடவில்லை. தன் புத்தகத்திலேயே ஓர் அத்தியாயம் சுத்த அபத்தம் என்று ஆசிரியை ஒப்புக்கொண்டார். வெளியே வந்தபோது கத்தரிக்குப் பசியே தெரியவில்லை. அவரோடு ஒருவர் மெனக்கெட்டுச் சண்டை போட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

அதற்குப் பிறகும் சிலமுறை போனார். அதற்குள் ஆசிரியைக்கு உடம்பு முடியாமல் போய், வேறு ஊரிலிருந்த மகன் வந்து அழைத்துக்கொண்டு போகத் தயாரானார். மகன் வீட்டில் புத்தகங்களுக்கு இடமில்லை. "டீச்சர், நான் எடுத்துக்கவா?" என்று கத்தரி கேட்டார். ஆசிரியை அப்போது மருந்துப் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

சாக்கு மூட்டைகளை மாடி ஏற்றும்போது அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ எங்கடா படுப்ப?"

கத்தரி இப்போது விளம்பரக் குரல்களை வெட்டுகிறார். அவற்றில் வெட்டுவதற்கு அதிகமில்லை. மதியத்துக்குமேல் ஒரு மூட்டையைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார். பக்க ஓரங்களிலெல்லாம் ஆசிரியையின் பென்சில் எழுத்து: 'யார் சொன்னது?', 'இது சரி', 'இவருக்கு வீட்டு வேலை செய்து பழக்கமில்லை போலிருக்கிறது'. படிக்கும்போது சில இடங்களில் சத்தமாகச் சிரித்துவிடுவார்.

ஒருநாள், 'இல்லை' என்று அழுத்தி எழுதியிருந்த ஓர் இடத்தில் அவருக்கு ஒப்புதலில்லை. புத்தகத்தை எழுதியவர் சொன்னதுதான் சரி, டீச்சர்தான் தவறு என்று பட்டது. மேசையில் தேடிப் பென்சிலை எடுத்து, அந்த 'இல்லை'க்குக் கீழே சிறிய எழுத்தில் 'ஏன்?' என்று எழுதினார். எழுதிவிட்டு அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அக்கா கூப்பிடும் சத்தம் கேட்டுச் சாப்பிடக் கீழே இறங்கினார்.